கிரகணம் எடுக்க டிராக்கர் வேண்டுமா? ஸ்டார் அட்வென்ச்சரர் 2ஐ, வள்ளியூர் மொட்டை மாடியிலிருந்து

ஸ்கை-வாட்சர் நிறுவனத்தின் ஸ்டார் அட்வென்ச்சரர் 2ஐ டிராக்கரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் பால்வீதிப் படத்தைத்தான் காட்டுவார்கள். நான் வாங்கியது சந்திர கிரகணத்துக்கு. 2025 செப்டம்பர் 7 இரவு முழு கிரகணத்தை இதில் வைத்து எடுத்த பிறகு எழுதுகிறேன். விலையை மட்டும் எழுத மாட்டேன், வீட்டிலும் இதைப் படிப்பார்கள்.

சாமான் என்னவென்று சுருக்கமாக. டிரைபாடுக்கும் கேமராவுக்கும் நடுவில் உட்காரும் ஒரு மோட்டார். பூமி சுற்றும் வேகத்துக்கு எதிர்த்திசையில் கேமராவைத் திருப்பிக்கொண்டே இருக்கும். நான்கு ஏஏ பேட்டரி போதும், 5 கிலோ வரை தாங்கும். என் 150-600 லென்ஸும் கேமராவும் சேர்ந்து 3 கிலோவுக்குள் என்பதால் அதற்குச் சிரமமில்லை. மோட்டார் ஒரு அச்சுக்கு மட்டும்தான். சந்திரனைத் தேடிப் பிடிப்பது நம் வேலை.

பௌர்ணமி நிலவுக்கு இது தேவையே இல்லை. ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, எஃப்8 (லென்ஸ் துளையின் அளவு), 1/250 விநாடி ஷட்டர், அவ்வளவு வெளிச்சம். ஆனால் 11 மணிக்கு நிழல் முழுக்க மூடியதும் கணக்கு தலைகீழாகிவிடும். சிவந்த நிலவு ஆயிரக்கணக்கான மடங்கு மங்கலானது. ஐஎஸ்ஓ 1600, எஃப்6.3 வைத்தும் எனக்கு 1 விநாடி தேவைப்பட்டது. 600 எம்எம்மில், 24 மெகாபிக்சல் கிராப் சென்சாரில், அந்த 1 விநாடிக்குள் சந்திரன் பத்துப் பிக்சலுக்கு மேல் நகர்ந்துவிடும். டிரைபாட் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் படம் கலங்கும். ஐஎஸ்ஓவை ஏற்றி ஷட்டரைக் குறைக்கலாம்தான், அப்புறம் நாய்ஸ், அதாவது புள்ளி புள்ளியான இரைச்சல் வந்து அந்தச் செம்பு நிறத்தையே தின்றுவிடும்.

படம் கூர்மையாக வரும் என்றுதான் வாங்கினேன். வந்தது. ஆனால் இதன் அருமை தெரிந்தது மேகத்தால். அன்று மேகம் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. 600 எம்எம்மில் சந்திரன் தன் அகலத்தை இரண்டே நிமிடத்தில் கடந்துவிடும். வெறும் டிரைபாட் என்றால் மேகம் மூடிய பத்து நிமிடத்தில் நிலவு ஃபிரேமை விட்டே போயிருக்கும். மேகம் அரை நிமிடம் விலகும்போது நாம் அதைத் தேடிக்கொண்டிருப்போம். டிராக்கரில் அது நடுவிலேயே நிற்கிறது. கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தேன், வெளிச்சம் வந்ததும் அழுத்தினேன். இதற்காகவே கொடுத்த காசு தகும்.

டயலில் நட்சத்திர வேகம், சந்திர வேகம் என்று தனித்தனியாக உண்டு. நட்சத்திரங்களோடு ஒப்பிட்டால் சந்திரன் மணிக்குச் சுமார் தன் விட்டம் அளவு கிழக்கே பின்வாங்குகிறது. அதனால் நிலவு நிலையாக நிற்க வேண்டுமானால் சந்திர வேகம். பூமியின் நிழல் வட்டம் தெரிகிற மாதிரி பல படங்களை ஒன்றாக அடுக்க நினைப்பவர்கள் நட்சத்திர வேகத்தில் வையுங்கள். நிழல் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்க, நிலவு அதற்குள் நுழைந்து வெளியே போவது தெரியும். சந்திர வேகத்திலும் அவ்வப்போது லேசாகச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அன்று நிலவு மெல்ல வடக்கே ஏறிக்கொண்டிருந்தது, அந்தத் திசைக்கு இதில் மோட்டார் இல்லையே.

இனி தெற்கத்திக்காரர்களுக்கான சங்கதி. டிராக்கரின் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்று யூடியூபில் எல்லோரும் சொல்வார்கள். அவர்கள் ஊரில் அது நடுவானத்தில் நிற்கும். வள்ளியூர் 8.4 டிகிரி அட்சரேகை. இங்கே அது தென்னை மரத்துக்கும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் பின்னால். துருவ நட்சத்திரத்தைக் குறிபார்க்க டிராக்கரில் இருக்கும் போலார் ஸ்கோப் என்ற சின்னத் தொலைநோக்கி வழியாக ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை. நான் செய்தது இதுதான்: வெட்ஜின் (டிராக்கரைச் சாய்த்துப் பிடிக்கும் அடிப்பகுதி) சாய்வை எட்டரை டிகிரிக்கு வைத்து, ஃபோன் காம்பஸை வைத்து வடக்கே திருப்பினேன். நம் பக்கம் காந்த வடக்குக்கும் நிஜ வடக்குக்கும் ஓரிரு டிகிரிதான் வித்தியாசம். ஃபோனை இரும்புக் கம்பிப் பக்கம் கொண்டுபோகாமல் இருந்தால் சரி. 2 டிகிரி தப்பினாலும் 2 விநாடி ஷட்டருக்கு ஒரு பிக்சல்கூட நகராது. கிரகணத்துக்கு இது தாராளம். ஆனால் இதே அமைப்பில் ஆண்ட்ரமீடா விண்மீன் மண்டலத்தை ஷட்டரை மூன்று நிமிடம் திறந்து எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள், கோடு கோடாக வரும். அதற்கு வடக்கு அடிவானம் திறந்த இடம் வேண்டும்.

டிராக்கரால் ஒன்றும் செய்ய முடியாதது காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து வருகிற காற்றை நம்பித்தான் இந்தப் பக்கம் இத்தனை காற்றாலை நட்டிருக்கிறார்கள். நீளமான லென்ஸைப் பாய்மரம் மாதிரி பிடித்து ஆட்டுகிறது. லென்ஸ் ஹுட்டைக் கழற்றி, டிரைபாட் கால்களை நீட்டாமல் தரையோடு வைத்து, மேற்குப் பக்கக் கைப்பிடிச் சுவர் மறைவில் உட்கார்ந்தபின்தான் படங்கள் உருப்படியாக வந்தன. உச்சத்தின்போது, 11.41க்கு, நிலவு 70 டிகிரிக்கு மேல் ஏறி ஏறக்குறைய தலைக்கு மேல் நின்றது. வியூஃபைண்டரில் கண் வைக்க வேண்டுமென்றால் தரையில் மல்லாக்கப் படுக்க வேண்டும். திரும்பும் ஸ்கிரீன் இல்லாத கேமராக்காரர்கள் பாய் தலையணையோடு போங்கள்.

ஆச்சிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. தண்ணீர்க் குடத்தில் தர்ப்பையைப் போட்டுவிட்டு, "கிரகணம் விடுத வரைக்கும் மேல நிக்காத ல, உள்ள வா" என்று படிக்கட்டில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். 12 மணிவாக்கில் அவளே மேலே வந்து கேமரா ஸ்கிரீனைப் பார்த்தாள். "இம்புட்டுச் செவப்பாவா இருக்கு?" என்றாள். கிழக்கே கொஞ்சம் தள்ளி நின்ற சனியைக் காட்டியதும் கீழே இறங்கிவிட்டாள். சனியைக் காட்டியிருக்க வேண்டாமோ என்னவோ.

12.22க்கு ஓரத்தில் வெளிச்சம் முளைத்தது. அதிலிருந்து ஷட்டரை நிமிடத்துக்கு நிமிடம் மாற்ற வேண்டும், இல்லையென்றால் வெளிச்சம் பட்ட பகுதி வெள்ளையாக வெந்துவிடும். 1.26க்குப் புற நிழல் மட்டும் மிச்சம், நான் மூட்டை கட்டிவிட்டேன்.

வாங்கலாமா? 300 எம்எம்முக்குக் குறைவான லென்ஸ்தான் இருக்கிறது என்றால் வேண்டாம், நல்ல டிரைபாடும் ரிமோட்டும் போதும். 400க்கு மேல் வைத்திருக்கிறவர்கள் இரண்டாவது லென்ஸுக்குச் சேர்க்கும் பணத்தை இதில் போடுங்கள். கவுண்டர்வெயிட்டோடு (எதிர்ப்பக்கம் மாட்டும் எடை) சேர்ந்த பெட்டியாகவே வாங்குங்கள், கனமான லென்ஸுக்கு அது இல்லாமல் சமநிலை கிடைக்காது. அவசரமும் இல்லை. இதே மாதிரி தொடக்கம் முதல் கடைசி வரை நம் ஊரிலிருந்து பார்க்கக்கூடிய அடுத்த முழு கிரகணம் 2028 டிசம்பர் 31 இரவுதான். முழுமை 11 மணிக்கு முன்பே முடிந்துவிடும், புத்தாண்டு வேட்டுப் புகை கிளம்புவதற்குள் எடுத்துவிடலாம்.