கல்லடிக் கோழிக் கடையும் அதன் நீல மட்டைக் கொப்பியும்

மட்டக்களப்பில் நம்பிக்கையாகக் கோழி இறைச்சி எங்கே வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு இப்போதெல்லாம் நான் ஒரே கடையைத்தான் சொல்கிறேன். கல்லடிப் பாலம் தாண்டி, கல்முனை வீதியில் சற்றுத் தூரம் போய், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. பெயரை எழுத வேண்டாம் என்று கடைக்காரத் தம்பி கேட்டுக்கொண்டார். கூட்டம் கூடினால் இப்போது செய்வதுபோல நிதானமாகச் செய்ய முடியாமல் போய்விடும் என்பது அவருடைய கவலை. அந்த ஒழுங்கையில் கோழிக் கடை அது ஒன்றுதான். தேடிப் போகிறவருக்குத் தப்பாது.

நான் கால்நடை வைத்திய அலுவலகம் ஒன்றில் நீண்ட காலம் வெளிக்கள வேலை செய்து ஓய்வு பெற்றவள். கோழிக் கடைக்குள் நுழைந்தால் என் கண் முதலில் கூட்டிலும் வடிகானிலும்தான் விழும். ஆகவே இறைச்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புறொயிலர் கோழி கண் முன்னாலேயே உரித்து வெட்டித் தருகிறார்கள். தண்ணீரில் ஊறப்போட்டு நிறை கூட்டும் வேலை கிடையாது. கறிக்கு என்று சொன்னால் எலும்பு நொறுங்காமல் மூட்டில் வெட்டித் தருகிறார்கள். ஈரல் கேட்டால் தனியே கட்டித் தருவார்கள். விலை மற்றக் கடைகளை விடக் கிலோவுக்கு 40 ரூபா அளவு கூடுதல். அந்த 40 ரூபாவை நான் மனமார்ந்து கொடுக்கிறேன். அது எதற்காக என்பதுதான் இந்தக் கட்டுரை.

தராசுக்குப் பக்கத்தில் நீல மட்டை போட்ட பெரிய கொப்பி ஒன்று கிடக்கிறது. முதலில் கடன் கணக்கு என்றுதான் நினைத்தேன். திறந்து காட்டினார். திகதி, பண்ணை, ஊர், கொண்டுவந்த லொறி, எத்தனை கோழி, வழியில் செத்தது எத்தனை, கூட்டில் செத்தது எத்தனை என்று பேனாவால் கோடு கிழித்து எழுதியிருந்தார். ஒரு வரியை அப்படியே தருகிறேன்: "ஆயித்தியமலை. 80. வழியில் 2. கூட்டில் 1. கொண்டை நீலம். விற்கவில்லை, டொக்டருக்குச் சொன்னேன்." அடுத்த பக்கத்தில் குளியாப்பிட்டியிலிருந்து வந்த லொறிக் கோழி வேறாக, படுவான்கரைப் பெண்கள் கொண்டுவந்து கொடுத்த ஊர்க்கோழி வேறாக. ஊர்க்கோழிக்கு வளர்த்தவரின் வீட்டு அடையாளம்கூட இருந்தது: "பிள்ளையார் கோயிலுக்குப் பின்வளவு."

"யார் தம்பி இப்படி எழுதச் சொன்னது?" என்று கேட்டேன். "கொரோனா நேரம் நானே தொடங்கினேன், அக்கா. எங்கிருந்து வந்தது என்று உலகமே கேட்டது, ஒருவரிடமும் பதில் இல்லை. என் கடையில் ஒரு கோழிக்கு வருத்தம் வந்து யாராவது கேட்டால் எனக்குப் பதில் இருக்க வேண்டும் அல்லவா?" என்றார். ஏறாவூர்ப் பிள்ளை. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவர். விலங்கிலிருந்து மனிதருக்கு நோய் வரும் விடயத்தில் நான் கேட்ட எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை.

கொவிட் வைரஸின் தோற்றம் பற்றி இன்னும் விடை கிடைக்காத கேள்விகளில் பெரும்பாலானவை, யோசித்துப் பார்த்தால், இப்படி ஒரு கொப்பி இல்லாததால் வந்தவை. வூஹான் நகரின் ஹுவானான் கடலுணவுச் சந்தையை 2020 ஜனவரி 1ஆம் திகதி மூடினார்கள். அங்கே மீனோடு, உயிரோடிருந்த காட்டு விலங்குகளும் விற்கப்பட்டன. பரிசோதகர்கள் மாதிரி எடுக்கத் தொடங்கியபோது அந்த விலங்குகள் கூட்டில் இல்லை. தரையிலும் வடிகானிலும் வண்டியிலும் துடைத்தெடுத்த மாதிரிகளில் வைரஸ் இருந்தது. சில கடைகளில் அதே இடத்தில் ராக்கூன் நாய் என்ற காட்டு விலங்கின் மரபணுவும் இருந்தது. அந்தத் தரவு 2023 மார்ச்சில்தான் வெளியுலகுக்குத் தெரிய வந்தது. அந்த விலங்கு அங்கே நின்றது என்பதற்கு அது சான்று. அந்த விலங்குக்குத் தொற்று இருந்ததா என்பதற்கு அது சான்றாகாது. இனி அந்தக் கேள்வியை எந்த விலங்கிடம் போய்க் கேட்பது?

கொவிட் வைரஸின் உறவான ஒரு வைரஸால், 2002 நவம்பரில் சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் தொடங்கிய சார்ஸ் நோயில் இந்த வாய்ப்பு தவறவில்லை. 2003 மே மாதம் ஆய்வாளர்கள் ஷென்சென் சந்தைக்குப் போனபோது மரநாய்கள் இன்னும் கூட்டில் நின்றன. அவற்றில் வைரஸைக் கண்டுபிடித்தார்கள். விலங்கு விற்றவர்களின் இரத்தத்திலும் அதன் எதிர்ப்பொருள் இருந்தது. அப்படியும் வௌவாலில் அதன் மூலத்தை உறுதியாகக் காட்ட 2017 வரை சென்றது. யுனான் மாகாணத்துக் குகை ஒன்றில் வாழும் குதிரைலாட வௌவால்களில் அந்த வைரஸின் துண்டுகள் எல்லாம் கிடைத்தன. ஏறத்தாழ 15 ஆண்டு. கொவிட் வைரஸுக்கு இதுவரை கிடைத்த மிக நெருங்கிய உறவு, லாவோஸ் நாட்டு வௌவாலில் எடுத்த ஒன்று. ஒற்றுமை 96.8 சதவீதம். கேட்பதற்கு நெருக்கம்போலத் தோன்றும். ஆனால் மரபணுக் கணக்கில் அந்த மிச்சம் பல பத்தாண்டுகள் பிரிந்து வளர்ந்ததற்குச் சமம். மனித உயிரணுவுக்குள் நுழைய உதவும் ஃபியூரின் வெட்டுப்பகுதியும் அந்த லாவோஸ் வைரஸில் இல்லை. இடையில் எந்த விலங்கு? அல்லது இடையில் விலங்கே இல்லையா? எந்தப் பண்ணையிலிருந்து, எந்த வழியால் வந்தது? இவற்றுக்கு இன்றும் விடை இல்லை.

எங்கள் பக்கத்தில் இதைப் பேசத் தொடங்கினால் இரண்டு கட்சிதான். ஆய்வுகூடத்தில் செய்து விட்டார்கள் என்பார் ஒருவர்; வௌவால் தின்றதால் வந்தது என்பார் மற்றவர். இரண்டு பேருக்கும் சந்தேகமே கிடையாது. உலக சுகாதார நிறுவனம் அமைத்த நிபுணர் குழு 2025 ஜூனில் கொடுத்த அறிக்கை இருவரையும் விடப் பணிவானது. கிடைத்த சான்றுகளின் பாரம் விலங்கிலிருந்து தாவியதையே காட்டுகிறது, ஆனால் எதையும் தள்ளிவிட முடியாது என்றது. காரணத்தையும் சொன்னது: ஆரம்ப நோயாளிகளின் நூற்றுக்கணக்கான மரபணு வரிசைகள், சந்தையில் விற்ற விலங்குகளின் விபரம், வூஹான் ஆய்வுகூடங்களின் வேலையும் பாதுகாப்பும் பற்றிய தகவல் ஆகியவற்றைக் கேட்டும் சீனா கொடுக்கவில்லை. நானும் சந்தைப் பக்கம்தான் சாய்கிறேன். ஆனாலும் கணக்குக் காட்டாதவரைக் குற்றமற்றவர் என்று சொல்ல என்னால் முடியாது.

தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்வதற்கு விலை உண்டு. அதை இந்த மாவட்டம் நன்றாக அறியும். நிலத்தடி நீரால் வைரஸ் பரவும் என்று ஆதாரமில்லாமல் சொல்லி, 2020இல் கொவிட்டால் இறந்தவர்கள் எல்லோரையும் எரிக்க வைத்தார்கள். முஸ்லிம் குடும்பங்கள் பச்சைக் குழந்தையின் உடலுக்காகக்கூடக் கெஞ்சி நின்றன. 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. 2024இல் அரசு மன்னிப்புக் கேட்டது. "தெரியவில்லை, ஆராய்கிறோம்" என்று அன்று யாராவது துணிந்து சொல்லியிருந்தால் எத்தனையோ தாய்மாரின் வயிறு எரிந்திருக்காது.

கொப்பிக்குத் திரும்புகிறேன். வூஹான் சந்தைகளில் என்ன விற்றார்கள் என்பதற்கு நம்பகமான ஒரு பதிவு இருக்கிறது. 2017 மே முதல் 2019 நவம்பர் வரை, உண்ணியால் பரவும் வேறொரு காய்ச்சலைத் தேடிய ஆய்வாளர் ஒருவர் அந்தச் சந்தைகளின் 17 கடைகளுக்கு மாதந்தோறும் போய் எண்ணி எழுதினார்: 38 இனம், 47,381 விலங்கு. ராக்கூன் நாய், மரநாய், மூங்கில் எலி, முள்ளம்பன்றி எல்லாம் அதில் உண்டு. அங்கே உயிருள்ள பாலூட்டிகள் விற்றதற்கு உறுதியான தகவல் இல்லை என்று 2021 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனமும் சீனாவும் சேர்ந்து வெளியிட்ட கூட்டு ஆய்வு அறிக்கை எழுதியது. அந்த ஜூனில் இந்தக் கணக்கு வெளியானதும் அந்த வசனம் நிற்க முடியாமல் போனது. வேறு காரியத்துக்காக எழுதி வைத்த கணக்கு அது. அதனால்தான் இந்தக் கடைக்காரரின் கோணல் எழுத்தை நான் இவ்வளவு மதிக்கிறேன்.

என் வேலைக் காலத்தில் படுவான்கரையில் ஒரு கிராமத்தில் கோழிகள் கொத்தாகச் செத்தன. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாவற்றையும் புதைத்துவிட்டார்கள். குஞ்சுகள் எங்கே வாங்கியவை என்று கேட்டால், "சைக்கிளில் கொண்டுவந்தவர்" என்பதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. இராணிக்கட் நோயாக இருந்திருக்கலாம். பரிசோதிக்க ஓர் இறகுகூட மிஞ்சவில்லை. ஒரு வீட்டு அம்மா வெறும் கூட்டின் கதவைப் பிடித்தபடி, "அடுத்த முறையும் இப்படித்தானா, பிள்ளை?" என்று கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

இனிக் கடையின் கூடுகள். வேறு இடங்களில் கூட்டின் மேல் கூடு அடுக்கி, மேல் கோழியின் எச்சம் கீழ்க் கோழியின் முதுகில் விழும்படி வைத்திருப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இங்கே ஒரே தட்டு. அடியில் இழுத்தெடுக்கும் தகரத் தட்டம். திங்கட்கிழமை ஒரு கோழியும் இருக்காது. கூடுகளைக் கழுவி, புளீச்சிங் பவுடர் போட்டு, வெயிலில் காயவிடுகிறார்கள். பார்ப்பவர்களுக்கு இது வெறும் சுத்தம். ஹொங்கொங் மக்கள் உயிர் கொடுத்துப் படித்த பாடம் இது. 1997இல் அங்கே எச்5என்1 பறவைக் காய்ச்சல் 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தார்கள். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளைக் கொன்றார்கள். அதன் பிறகு சந்தைகளில் தாராவையும் கோழியையும் பிரித்தார்கள். 2001இல் மாதத்தில் ஒரு நாள் கூட்டை வெறுமையாக்கும் விடுமுறை நாள் கொண்டுவந்தார்கள். 2008இல் உயிர்க்கோழியை இரவு தங்கவைப்பதையே தடை செய்தார்கள். ஓயாமல் புதுக் கோழி வந்துகொண்டிருக்கும் கூட்டில் வைரஸுக்கு எப்போதும் புது வீடு கிடைக்கும். ஒரு நாள் வெறுமையானால் அந்தச் சங்கிலி அறும்.

தாரா இந்தக் கடையில் கிடையாது. கேட்டால் கையை விரித்துவிடுவார். காய்ச்சல் வைரஸைச் சுமந்துகொண்டு நோயே காட்டாமல் நீந்தித் திரியக்கூடிய பறவை அது. எங்கள் வாவிக்கும் வயல்களுக்கும் குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகளும் வந்து சேர்கின்றன. கோழிக்கும் நோய் எப்போதும் வெளியே தெரியும் என்று சொல்ல முடியாது. 2013இல் சீனாவில் எச்7என்9 என்ற இன்னொரு வகைப் பறவைக் காய்ச்சல் வந்தபோது கோழிகள் தின்று குடித்து நன்றாகவே நின்றன. அவற்றை வாங்கியவர்கள்தான் மூச்சுத் திணறி வைத்தியசாலைக்குப் போனார்கள். உயிர்க்கோழிச் சந்தைகளை மூடியதும் நோயாளர் தொகை சரிந்தது. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் எச்5என்1 கறவை மாடுகளில் கண்டறியப்பட்டது. பாலில் வைரஸ் இருக்கும் என்று அதற்கு முன் யார் நினைத்தோம்? நன்றாகக் கொதித்த கறியும் காய்ச்சிய பாலும் பயமில்லை. பயம் வெட்டுகிற கைக்கும் கறக்கிற கைக்கும்தான்.

காட்டு இறைச்சிக்கும் இங்கே இடமில்லை. நான் நின்றபோதே ஒருவர் வந்து குரலைத் தாழ்த்தி முள்ளம்பன்றி கிடைக்குமா என்று விசாரித்தார். "இல்லை, இனிமேலும் இல்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினார். சட்டத்துக்குப் பயந்து சொன்னதாகவே இருக்கட்டும், எனக்கு மகிழ்ச்சிதான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பெரியது, இறகு பிடுங்கும் இயந்திரம். ஊர்க்கோழியைத் தோலோடு கேட்பவர்களுக்காக அதை வாசற்பக்கம் வைத்திருக்கிறார்கள். அது சுழலும்போது நுண்துளிகள் காற்றில் பறக்கும். நோயுள்ள பறவையானால் மிக ஆபத்தான கட்டம் அதுதான். அதற்கு நேர் முன்னால்தான் பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். வெட்டுகிற பையன் சப்பாத்துப் போட்டிருக்கிறான். கையுறையும் முகக்கவசமும் இல்லை. வழுக்கும் என்கிறான். வழுக்காத கையுறை வாங்கிக் கொடுப்பது முதலாளியின் கடமை. இரண்டையும் சொன்னேன். இயந்திரத்தைப் பின்பக்கம் தள்ளி நடுவே சுவர் எழுப்ப மேசனிடம் பேசியிருப்பதாகச் சொன்னார். சுவர் எழும்பும் வரை பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டு நீங்கள் மட்டும் உள்ளே போங்கள்.

காலை ஏழு மணிக்குத் திறந்து பகல் ஒரு மணிக்கு மூடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு முன்னர் போனால் காத்திருக்கத் தேவையில்லை. ஊர்க்கோழி வேண்டுமானால் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். கடன் இல்லை, அட்டையும் எடுப்பதில்லை; காசு கொண்டுபோங்கள்.