பயிற்சியாளரை நீக்குவதா, பொறுத்திருப்பதா?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் பருவத் தொடக்கத்திலேயே தற்காப்பு தடுமாறினால், தற்காப்புப் பயிற்சியாளரை உடனே நீக்க வேண்டும் என்போரும் அவகாசம் தர வேண்டும் என்போருமாக ரசிகர்கள் பிரிந்துவிடுகிறார்கள்.

நீக்கிய அணி, 2013 ஆம் ஆண்டின் டெக்சாஸ். செப்டம்பர் 7 அன்று அதை 40-21 என்று வென்ற பிரிகாம் யங் பல்கலைக்கழகம், பந்தைச் சுமந்து ஓடியே 550 கெஜம் கடந்தது. அதில் 259 கெஜம் தாக்குதலை வழிநடத்தும் வீரரான குவாட்டர்பேக் டேசம் ஹில் ஒருவருடையது. பந்தைச் சக வீரரின் வயிற்றருகே நீட்டி ஒரு கணம் தாமதிப்பார். விளிம்பில் நிற்கும் தற்காப்பு வீரர் உள்ளே சாய்ந்ததும், பந்தை உருவிக்கொண்டு வெளிப்புறமாகப் பாய்ந்துவிடுவார். மறுநாளே தற்காப்புப் பயிற்சியாளர் மேனி டியாஸ் நீக்கப்பட்டு கிரெக் ராபின்சன் பொறுப்பேற்றார். அடுத்த ஆட்டத்திலும் தோல்விதான் என்றாலும், அதன்பின் ஓக்லஹோமாவை 36-20 என்று வீழ்த்தியது உட்பட ஆறு தொடர் வெற்றிகள் கிடைத்தன.

பொறுத்திருந்த அணி, 2025 இன் நோட்ரடேம். மயாமியிடம் 27-24 என்று தோற்ற பிறகு, டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியிடம், 13 விநாடிகள் மீதமிருக்கையில் எதிரணியின் கடைசி வாய்ப்பான நான்காவது முயற்சியில் விட்டுக்கொடுத்த டச் டவுனால் (எல்லைக்கோட்டைக் கடந்து பெறும் புள்ளிகள்) 41-40 என்று மீண்டும் தோற்றது. ஆனாலும் தற்காப்புப் பயிற்சியாளர் கிறிஸ் ஆஷ் தொடர்ந்தார்; எஞ்சிய பத்து ஆட்டங்களிலும் அணி வென்றது.

டியாஸுக்கு அது மூன்றாவது பருவம், முந்தைய ஆண்டே தற்காப்பு சரிந்திருந்தது. ஆஷுக்கோ முதல் பருவம். ஆகவே இரு முடிவுகளுமே சரியானவை என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன்.