மர உச்சியைத் தரை என்று நம்பும் கணினி மாதிரி: நான்கு வருட அனுபவம்

மண்சரிவு ஓட்டத்துக்கு நீங்கள் வைத்திருக்கும் கணினி மாதிரியையே நானும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார். நான்கு வருடமாக அதில்தான் வேலை செய்கிறேன். ஆனாலும் சட்டென்று பதில் வரவில்லை.

கணக்கில் எனக்குக் குறையே இல்லை. சுவிஸ் பொறியாளர் அடோல்ஃப் வோல்மி 1955இல் பனிச்சரிவுக்காக எழுதிய உராய்வுச் சூத்திரம்தான் உள்ளே ஓடுகிறது. சரிசெய்ய இரண்டே எண்கள்: தரையோடு உரசும் உராய்வுக்கு மியூ, வேகத்தோடு கூடும் தடைக்கு க்ஸை. மியூவை 0.2 என்று வைத்தால், சரிவு ஏறத்தாழ 11 பாகைக்குக் கீழே போனதும் ஓட்டம் தளர ஆரம்பிக்கும். 0.15 ஆக்கினால் எட்டரை பாகை வரை விடாது. கொஞ்ச நாளில் கைக்குப் பழகிவிடும்.

என் கோபமெல்லாம் அடியில் போடும் உயரத் தரவின் மேல்தான். இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் என்ற உயரத் தரவு, 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரில் அளந்தது. அந்த ரேடார் அலையின் நீளம் 5.6 செ.மீ. அடர்ந்த காட்டில் பெரும்பகுதி தரைக்கு இறங்காமல் இலைக்கூரையிலேயே திரும்பிவிடும். ஆக, உயரமான மரங்கள் நிற்கும் இடம் மாதிரிக்கு ஒரு மேடு, காட்டோரம் ஒரு சுவர். முதல் வருடம் நான் ஓட்டிப் பார்த்தபோதெல்லாம் சேறு காட்டோரம் வந்து நின்றது. காடு தடுக்கிறது என்று சந்தோஷப்பட்டு அறிக்கையிலும் எழுதிவிட்டேன். அப்புறம் லைடார் தரவு, அதாவது லேசர் ஒளியால் அளந்த உயரம், கைக்கு வந்தது. இலை இடுக்குகளில் புகுந்து தரையைத் தொட்ட புள்ளிகளை மட்டும் வடிகட்டி ஓட்டினால், அதே சேறு 200 மீட்டர் காட்டுக்குள் நுழைந்தது. காடு உண்மையிலேயே எவ்வளவு தடுக்கிறது என்பதுதான் என் கேள்வியே. அதற்கே பொய்யான விடை கொடுத்துவிட்டேன். இன்னும் மனசு ஆறவில்லை.

2022இல் வந்த ஃபேப்டெம் என்ற உயரத் தரவு மரங்களையும் கட்டடங்களையும் கழித்துத் தருகிறது. நல்ல உதவிதான். ஆனால் 30 மீட்டர் கட்டத்தில் 8 மீட்டர் ஓடை எங்கே தெரியும்? ஓடை தெரியாத இடத்தில் சேறு தன் பாட்டுக்கு அகலமாகப் பரவுகிறது.

நல்லதையும் சொல்ல வேண்டும். ஒரு சரிவு நடந்த சில நாட்களில் மரத்தண்டுகளில் காய்ந்திருந்த சேற்றுக்கறைகளை அளந்தோம். ஓட்டம் மோதிய பக்கத்தில் கறை மேலேறி நிற்கும், அதை எடுத்தால் ஆழம் கூடிவிடும். பக்கவாட்டுக் கறையில்தான் டேப்பை வைத்தோம். ஒரு தண்டில் 1.3 மீட்டர். லைடார் தரையில் ஓட்டிய கணினி மாதிரி அந்த இடத்துக்கு 1.2 காட்டியது. அந்த மரத்தடியிலேயே ரொம்ப நேரம் நின்றிருந்தேன்.

சரி, எடுக்கலாமா? இத்தனை சொன்ன பிறகும், இன்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். லைடார் கிடைக்கட்டும், பிறகு பார்க்கலாம். அதுவரை டேப்போடு அந்தச் சரிவுக்குப் போய்விட்டு வாருங்கள். அடுத்த மழை அந்தக் கறைகளைக் கழுவிவிடும்.