கழுவும் வேலையும் அட்டவணைக்குள் வந்த பிறகு

மாத்திரை ஆலையில் இயந்திரம் ஓடும் நேரத்தைத் திட்டமிடுவது பெரிய வித்தை இல்லை. பேட்ச் (ஒரே தடவையில் தயாரிக்கும் தொகுதி) எத்தனை கிலோ, கம்ப்ரஷன் இயந்திரம் மணிக்கு எத்தனை மாத்திரை தள்ளும் என்று தெரிந்தால் வகுத்துப் பார்த்துவிடலாம். மாதக் கடைசியில் கணக்கைக் குலைப்பது இரண்டு பேட்சுகளுக்கு இடையே வரும் கிளீனிங்தான். அதைத் திட்டமிடல் மென்பொருளுக்குள் கொண்டுவந்து சில ஆண்டுகள் ஆகின்றன. வாங்கலாமா என்று யோசிக்கும் நடுத்தர ஆலைக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். மென்பொருளின் பெயரைச் சொல்லப் போவதில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே மருந்தின் அடுத்த பேட்ச் என்றால் எங்களுக்கு டைப் ஏ கிளீனிங்: தூளை உறிஞ்சி, துடைத்து, அடுத்ததைத் தொடங்கலாம். மருந்தே மாறினால் டைப் பி: ஆர்எம்ஜியின் (மருந்துத் தூளைக் கலந்து குருணையாக்கும் இயந்திரம்) இம்பெல்லர், சாப்பர் என்ற சுழலும் கத்திகளைக் கழற்றி, எஃப்பிடியின் (குருணையைச் சூடான காற்றில் உலர்த்தும் இயந்திரம்) பையை மாற்றி, கழுவி, கடைசியாகச் சுத்திகரித்த நீரில் அலசி உலர்த்த வேண்டும். இதில் எந்தத் திசையில் போகிறோம் என்பதும் கணக்கு. 250 மில்லிகிராமுக்குப் பிறகு அதே மருந்தின் 500 வந்தால் டைப் ஏ போதும். 500க்குப் பிறகு 250 என்றால் எங்கள் விதிப்படி முழுக் கழுவல். வெள்ளைக்குப் பின் சிவப்புப் பூச்சு எளிது. சிவப்புக்குப் பின் வெள்ளை வந்தால் கோட்டிங் பேனை (மாத்திரைக்கு மேல்பூச்சு இடும் சுழல்கலம்) தேய்ப்பவரின் கை ஓய்ந்துவிடும்.

ஆக, 20 மருந்துகள் இருந்தால் 380 மாற்றங்களுக்குத் தனித்தனி நேரம் வேண்டும். எஸ்ஏபி என்ற நிறுவன மென்பொருளில் செட்டப் மேட்ரிக்ஸ் என்பது இந்த அட்டவணையைத்தான். பத்து பேட்சுகளை மட்டும் வரிசைப்படுத்தவே 36,28,800 வழிகள் உண்டு. அனுபவமுள்ள பிளானர் நினைவிலிருந்தே நல்ல வரிசை ஒன்றைப் பிடித்துவிடுவார். ஆனால் நடுவில் ஓர் அவசர ஆர்டர் நுழைந்தால் எக்செல் தாளோடு மறுபடி முதலிலிருந்து உட்கார வேண்டும். மென்பொருள் சில நிமிடங்களில் புது வரிசை தருகிறது. அந்த ஆர்டரால் எத்தனை மணிநேரம் கூடுதல் கழுவல் என்பதையும் காட்டுகிறது. விற்பனைப் பிரிவின் "ஒரே ஒரு சின்ன பேட்ச்" கோரிக்கைகள் குறைந்தது அதற்குப் பிறகுதான். இதற்காகவே கொடுத்த பணம் தகும் என்பேன்.

380 நேரங்களையும் யாரும் உட்கார்ந்து நிரப்ப வேண்டாம். கிளீனிங் வேலிடேஷனுக்காக (கழுவும் முறை உண்மையிலேயே சுத்தம் செய்கிறது என்று சோதித்து நிரூபிப்பது) ஒவ்வொரு மருந்தையும் நீரில் கரையும் தன்மை, நச்சுத்தன்மை, கழுவும் கடினம் என்று ஏற்கெனவே தரம் பிரித்திருப்பார்கள். அந்தக் குழுக்களை அப்படியே எடுத்துக்கொண்டால் அட்டவணை கையளவாகச் சுருங்கிவிடும். நேரத்தை மட்டும் எஸ்ஓபியிலிருந்து (எழுதி வைத்த செயல்முறை விதி) எடுக்காதீர்கள். இயந்திரத்தின் லாக் புத்தகத்தில் தொடங்கிய, முடித்த நேரங்கள் கையெழுத்தோடு இருக்கின்றன. அமெரிக்கச் சந்தைக்கு அனுப்பும் ஆலைகளிடம் அந்நாட்டு மருந்துத் தயாரிப்பு விதியான 21 சிஎஃப்ஆர் 211.182 கேட்பதும் இந்தப் பதிவைத்தான். அதைப் புரட்டினால் இரவு ஷிஃப்டின் டைப் பி பகலைவிட நீள்வது தெரியும். எஸ்ஓபி அதைச் சொல்லாது. (பென்சிலின் வகையை மற்ற மருந்துகளோடு மாற்றி மாற்றி ஓட்டும் தலைவலி மட்டும் கிடையாது. அவற்றுக்குச் சட்டப்படியே தனி உற்பத்தி வசதி, தனிக் காற்றோட்ட அமைப்பு.)

இனிக் குறைகள். கிளீனிங் என்றால் அடுத்த ஆர்டருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு நேரத்துண்டு என்றே எங்கள் மென்பொருள் நினைக்கிறது. அடுத்த பேட்சை வியாழனுக்குத் தள்ளினால் கிளீனிங்கும் அதன் பின்னாலேயே வியாழனுக்குப் போய்விடுகிறது. அதுவரை இயந்திரம் அழுக்கோடு நிற்கும். எங்கள் வேலிடேஷன்படி அழுக்கான நிலையில் 24 மணிநேரத்துக்கு மேல் நிறுத்தக் கூடாது. கழுவி வைத்தது 72 மணிநேரம்வரை செல்லும், பிறகு மறுபடி கழுவ வேண்டும். முதல் கடிகாரம் முடிந்த பேட்சிலிருந்து ஓடுகிறது, இரண்டாவது கழுவி முடித்ததிலிருந்து. மென்பொருளுக்கோ இரண்டும் தெரியாது. திரையில் பச்சையாகத் தெரியும் திட்டம் தரையில் விதிமீறலாக இருக்கும்.

அடுத்தது ஸ்வாப்: கழுவிய இயந்திரத்தில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கத் துடைத்தெடுக்கும் மாதிரி. டைப் பி முடிந்து ஆய்வகத்திலிருந்து முடிவு வரும்வரை இயந்திரத்தைத் தொட முடியாது. கழுவ அரை ஷிஃப்ட் என்றால் ஆய்வகத்தின் ஹெச்பிஎல்சி (மருந்தின் அளவைக் கண்டறியும் கருவி) வரிசையில் காத்திருப்பது பல நாள்களில் அதைவிட நீளம். இரண்டையும் சேர்த்து ஒரே நேரமாகப் போட்டால், ஆய்வகம் வேலை செய்யும்போது கழுவும் ஆட்களும் வேலையில் இருப்பதாகக் காட்டுகிறது.

இரண்டுக்கும் சேர்த்து ஒரு மாற்றுவழி கண்டோம். கிளீனிங்கைத் தனி ஆர்டராகவே போடுகிறோம்: கழுவும் குழு, வாஷ் ஏரியா, ஆய்வகம் என்று அதற்கென வளங்கள், முந்தைய பேட்ச் முடிந்ததும் தொடங்கியாக வேண்டும் என்ற வரம்பு. அதன் பிறகுதான் இரண்டு லைன்கள் ஒரே ஷிஃப்டில் டைப் பி செய்தால் வாஷ் ஏரியாவில் இடம் இல்லை என்பது திரையிலேயே தெரிய ஆரம்பித்தது. விலையும் உண்டு: தனி ஆர்டராக இருப்பதால் வரிசை மாறும்போது டைப் ஏயா, டைப் பியா என்று தானாக மாறுவதில்லை. சிறு நிரல் ஒன்று எழுதவைத்தோம். ஒவ்வொரு பதிப்பு மேம்பாட்டுக்குப் பிறகும் அதைச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

72 மணிநேரக் காலாவதி மட்டும் இன்னும் கைக்கணக்குதான். அதை மென்பொருளிடம் விடத் தரப்பிரிவு ஒப்பவில்லை. விட்டால் மென்பொருளையே வேலிடேட் செய்ய வேண்டும் என்கிறார்கள், அது நியாயம். கழுவியதா, அழுக்கா என்று காட்ட இயந்திரத்தில் தொங்கும் ஸ்டேட்டஸ் லேபிளே இறுதிச் சொல்.

இன்னொன்று: கழுவல் குறைந்தால் மென்பொருளுக்கு ஒரே மகிழ்ச்சி. ஒரே மருந்தை வரிசையாக அடுக்கிக்கொண்டே போகும். தொடர்ந்து எத்தனை பேட்சுக்குப் பின் முழுக் கழுவல் என்ற உச்சவரம்பை முதல் நாளே உள்ளிடுங்கள். இல்லாவிட்டால் கிடங்கு நிறைய ஒரே மருந்து, சந்தையில் மற்றதற்குத் தட்டுப்பாடு.

விற்பனையாளர் செயல்விளக்கம் காட்ட வரும்போது அழகான வண்ணப்பட்டைகளைப் பார்த்து மயங்க வேண்டாம். ஓர் ஆர்டரை இரண்டு நாள் தள்ளி இழுக்கச் சொல்லுங்கள். கிளீனிங் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.