ட்ரேட் மெஷின்: ஒரு மில்வாக்கி ரசிகனின் கோடைக்காலத் துணைக்கு ஒரு மதிப்புரை

2025 ஏப்ரல் 29 அன்று, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் பிளேஆஃப் எனும் வெளியேற்றச் சுற்றுகளில், இண்டியானா பேசர்ஸ் அணியிடம், கூடுதல் நேரத்தில், 119-118 என்ற ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் மில்வாக்கி பக்ஸ் தோற்று வெளியேறியது. இறுதிவரை போகும் அணிகளுக்கு ஓய்வுக்காலம் ஜூன் மாதத்தில் தொடங்கும் என்றால், எங்களுக்கு அன்றிரவே தொடங்கிவிட்டது. முதல் சுற்றிலேயே வெளியேறுவது தொடர்ந்து மூன்றாவது ஆண்டாக நடந்திருந்தது. அதற்கு இரண்டு நாட்களுக்கு முந்தைய ஆட்டத்தில்தான் எங்கள் வீரர் டேமியன் லில்லார்டின் குதிகால் தசைநாண் அறுந்திருந்தது. எங்கள் முதன்மை நட்சத்திரமான யானிஸ் ஆன்டெடகூம்போ அணியை விட்டுப் போய்விடுவாரா என்ற கேள்வியோடு அடுத்த ஐந்து மாதங்களைக் கடத்த வேண்டியிருந்தபோது நான் மிக அதிகமாகப் பயன்படுத்திய சேவை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ‘ட்ரேட் மெஷின்’ என்ற கருவிதான். ஒரு கோடை முழுவதும் உழைத்த கருவி என்பதால் அதை முறையாக மதிப்பிடுவது கடமை என்று தோன்றுகிறது.

அறியாதவர்களுக்காகச் சிறு விளக்கம். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட அணிகளைத் தேர்ந்தெடுத்து, யார் யாரை எங்கே அனுப்புவது என்று குறித்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால், அந்தப் பரிமாற்றம் (அதுதான் ட்ரேட்) என்பிஏவின் சம்பள விதிகளுக்கு உட்பட்டு நடக்கக்கூடியதா இல்லையா என்பதைக் கருவி சொல்லிவிடும். ஈஎஸ்பிஎன் தளத்தில் உள்ளது பரவலாக அறியப்பட்டது. அதைப் போன்றவை வேறு பல தளங்களிலும் உள்ளன. நான் சிலவற்றை மாறி மாறிப் பயன்படுத்தினேன். நிறையும் குறையும் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் பொதுவானவையாக இருப்பதால், தனியாக ஒன்றின் பெயரைச் சொல்லி எழுதவில்லை.

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். வதந்திகளில் முக்கால்வாசியை இது ஒரு நிமிடத்தில் கொன்றுவிடுகிறது. மே மாதம், யானிஸ் தன் வாழ்க்கையில் முதல்முறையாக வேறு அணியைப் பற்றி யோசிக்கத் தயாராக இருக்கிறார் என்ற செய்தியை ஈஎஸ்பிஎன் வெளியிட்டதும், நியூயார்க், சான் அன்டோனியோ, ஹூஸ்டன், டொரான்டோ என்று ஆளுக்கொரு ஊரின் பெயரைச் சொல்லத் தொடங்கினார்கள். நியூயார்க் ரசிகர்கள் சொன்ன கணக்கு எளிமையானது. தங்கள் நட்சத்திர வீரர் கார்ல்-ஆந்தனி டவுன்ஸை இங்கே அனுப்பிவிட்டு யானிஸை அங்கே வாங்கிக்கொள்வது. இருவரின் சம்பளமும் ஏறத்தாழ ஒன்றுதானே என்பது அவர்கள் வாதம். அதை அப்படியே கருவியில் போட்டேன். சிவப்பு, அதாவது விதிப்படி முடியாது. 2025-26 பருவத்தில் யானிஸின் சம்பளம் சுமார் 5.41 கோடி டாலர், டவுன்ஸின் சம்பளம் சுமார் 5.31 கோடி டாலர். முதல் ஏப்ரன் எனப்படும் செலவு வரம்பைத் தாண்டி நிற்கும் அணி, தான் அனுப்பும் சம்பளத்தைவிட ஒரு டாலர்கூட அதிகமாகத் திரும்பப் பெற முடியாது, நியூயார்க்கோ அந்த வரம்புக்கு மேலே நின்றது. பத்து லட்சம் டாலருக்கும் குறைவான இடைவெளிதான், இன்னொரு சிறு சம்பள வீரரைச் சேர்த்தால் நிரம்பிவிடும். ஆனாலும் அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்த இரவில் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதை மறைப்பானேன்.

இந்த ஏப்ரன் விதிகள் லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான 2023ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் கடுமையாக்கப்பட்டவை. 2025-26க்கான சம்பள உச்சவரம்பு சுமார் 15.46 கோடி டாலர், முதல் ஏப்ரன் சுமார் 19.59 கோடி, இரண்டாவது ஏப்ரன் சுமார் 20.78 கோடி. இரண்டாவதைத் தாண்டிய அணி, பல வீரர்களின் சம்பளத்தைக் கூட்டிக் காட்டி ஒரு பெரிய வீரரைப் பெறவே முடியாது. இவற்றையெல்லாம் விதிப் புத்தகத்தில் படித்தால் மண்டை காய்ந்துவிடும். நூறு முறை தவறான ட்ரேடுகளைப் போட்டு, நூறு முறை காரணத்தோடு மறுக்கப்பட்டால் தானாகவே மனத்தில் படிந்துவிடுகிறது. கற்பிக்கும் கருவி என்ற வகையில் இதற்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

இனி குறைகள். என் கைபேசியில் நான் வைத்திருந்த ஒரு செயலியில், ஜூலை முதல் வாரத்தில் எங்கள் வீரர் புரூக் லோபஸ் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸுக்குப் போகிறார் என்று ஊரெல்லாம் தெரிந்த பிறகும் பல நாட்கள் அவர் மில்வாக்கிப் பட்டியலிலேயே சிரித்துக்கொண்டிருந்தார். மூன்று அணிகளைச் சேர்த்துவிட்டால் சிறிய திரையில் யாருடைய பெயர் யாருக்குக் கீழே இருக்கிறது என்பதே தெரியாது. விளம்பரத் தொல்லையும் உண்டு. இலவசமாகக் கிடைப்பதற்கு இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுத்துக்கொள்ள முடியாத குறை வேறு. இந்தக் கருவிக்குச் சம்பளம் தெரியும், மதிப்பு தெரியாது. டிராஃப்ட் என்பது இளம் புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு; 2025 டிராஃப்டில் சான் அன்டோனியோ இரண்டாவதாகத் தேர்ந்தெடுத்த டிலன் ஹார்ப்பரின் முதலாண்டுச் சம்பளம் சுமார் 1.24 கோடி டாலர். யானிஸைக் கேட்டு சான் அன்டோனியோ பேச வந்திருந்தால் மில்வாக்கி முதலில் கேட்டிருக்கக்கூடிய பெயர் அதுவாகத்தான் இருந்திருக்கும், ஆனால் கருவியின் கண்ணில் அவர் ஒரு சிறிய எண். அதற்கு மாறாக, வயதேறிப் பெரிய சம்பளம் வாங்கும் இரண்டு வீரர்களைக் கொடுத்து யானிஸை எடுத்துக்கொள்கிறேன் என்று போட்டால், கூட்டல் சரியாக இருந்தால் போதும், பச்சை விளக்கு எரிந்துவிடும். அந்தப் பச்சையைப் படம் பிடித்துப் பரப்பி, ‘பாருங்கள், நடக்கக்கூடியதுதான்’ என்று ஒருவர் எழுத, அதை இன்னொருவர் ‘பேச்சுவார்த்தை நடக்கிறதாம்’ என்று எழுத, மாலைக்குள் அது ஒரு வதந்தியாகிவிடுகிறது. வதந்தியைக் கொல்லும் கருவியே வதந்தியைப் பெற்றும் போடுகிறது என்பதை நான் ஜூன் மாதத்தில் பல முறை பார்த்தேன்.

டிராஃப்ட் உரிமைகளிலும், அதாவது வருங்கால ஆண்டுகளில் வீரரைத் தேர்ந்தெடுக்கும் முறைகளிலும், இதே கதைதான். சில கருவிகளில் அவற்றைப் பரிமாற்றத்தில் சேர்க்கலாம், ஆனால் அவற்றை எடைபோட்டுச் சொல்ல எதனாலும் முடிவதில்லை. மில்வாக்கி ரசிகனின் கவலையின் வேரே அங்குதான் இருக்கிறது. 2020இல் ஜ்ரூ ஹாலிடேயை நியூ ஆர்லியன்ஸிடமிருந்து வாங்கியபோது 2025, 2027 ஆகிய ஆண்டுகளின் முதல் சுற்று உரிமைகள் கையைவிட்டுப் போயின. 2023 செப்டம்பரில் லில்லார்டை வாங்கியபோது 2029ஆம் ஆண்டின் உரிமை போர்ட்லாண்டுக்குப் போனது, 2028, 2030 ஆகிய ஆண்டுகளில் தேர்வு இடத்தை எங்களோடு மாற்றிக்கொள்ளும் உரிமையும் அவர்களுக்கே. வேறொரு அணி தன் நட்சத்திரத்தை இழந்தால் நான்கு ஆண்டு தோற்று, உயர்ந்த தேர்வுகளைப் பெற்று, இளைஞர்களை வைத்து மீண்டும் எழலாம். நாங்கள் தோற்றால் பலன் பெரும்பாலும் வேறு ஊருக்குப் போகும். இதையெல்லாம் குறை சொல்லவில்லை, ஹாலிடே இல்லாமல் 2021 ஜூலை 20 அன்று இறுதிப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் யானிஸ் 50 புள்ளிகள் எடுத்துக் கோப்பையை வென்றிருக்கவே முடியாது. அந்த விலையை இன்னொரு முறை கொடுக்கச் சொன்னாலும் நான் சம்மதிப்பேன்.

சிறிய ஊர் என்பதால் வரும் அச்சமும் இந்தக் கருவிக்குப் புரியாது. மில்வாக்கியின் மக்கள்தொகை ஆறு லட்சத்துக்கும் குறைவு, ஏரிக்கரையோடு தெற்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் போனால் சிகாகோ வந்துவிடும். இந்த ஊர் ஒரு மாபெரும் வீரரை ஏற்கெனவே ஒருமுறை இழந்திருக்கிறது. 1971இல் கோப்பையை வென்று கொடுத்த கரீம் அப்துல்-ஜப்பார், தன்னைப் பெரிய நகரம் ஒன்றுக்கு அனுப்பிவிடும்படி கேட்டு, 1975இல் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனார். 1971க்குப் பிறகு அடுத்த கோப்பைக்கு ஐம்பது ஆண்டுகள் ஆயின. அப்போது சம்பள உச்சவரம்பே கிடையாது, அது 1984-85 பருவத்தில்தான் வந்தது. ஆகவே இன்றைய கருவி 1975இல் இருந்திருந்தால் அந்தப் பரிமாற்றத்துக்கு ஒரு தடையும் சொல்லியிருக்காது. அணியே ஊரைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தையும் அங்குள்ளவர்கள் அனுபவித்திருக்கிறார்கள். 2014இல் அப்போதைய உரிமையாளர் ஹெர்ப் கோல் 55 கோடி டாலருக்கு அணியை விற்றபோது, 2017க்குள் புதிய அரங்குக்கு வழி பிறக்காவிட்டால் அணியை லீக்கே திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்ற நிபந்தனை இருந்தது. 2018இல் ஃபைசர்வ் ஃபோரம் என்ற புதிய அரங்கு திறக்கப்பட்ட பிறகுதான் அந்தப் பயம் அடங்கியது.

கருவியின் எல்லை எது என்பதை எனக்குத் தெளிவாகக் காட்டியவை மூன்று நிகழ்வுகள். 2020 நவம்பரில் சாக்ரமெண்டோவிலிருந்து போக்டன் போக்டனோவிச் என்ற வீரர் மில்வாக்கிக்கு வருகிறார் என்று செய்தி வந்தது, எந்தக் கருவியில் போட்டுப் பார்த்தாலும் கணக்கு ஒத்துவந்திருக்கும். ஆனால் பேசத் தொடங்குவதற்கு அனுமதிக்கப்பட்ட நேரத்துக்கு முன்பே செய்தி கசிந்ததால் லீக் விசாரணையில் இறங்கியது, அவர் அட்லாண்டாவுக்குப் போனார், மில்வாக்கியோ 2022ஆம் ஆண்டின் இரண்டாம் சுற்று உரிமையை அபராதமாக இழந்தது. வதந்தியே ஒரு ட்ரேடைக் கெடுத்த கதை இது. இதற்கு நேர்மாறாக, 2025 பிப்ரவரியில் தன் நட்சத்திர வீரர் லூக்கா டான்சிச்சை டல்லாஸ் அணி லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கு அனுப்பியபோது முன்கூட்டி ஒரு முணுமுணுப்பும் இல்லை. அதற்கு முதல் நாள் யாராவது அதைக் கருவியில் போட்டுக் காட்டியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம்.

மூன்றாவது, 2025 கோடையிலேயே நடந்தது. மே, ஜூன் இரண்டு மாதங்களும் லில்லார்டின் சம்பளத்தை யார் தலையில் கட்டலாம் என்று நான் முப்பது அணிகளையும் சுற்றி வந்தேன். காயத்தால் ஓராண்டு ஆட முடியாத, 35 வயதை நெருங்கும் வீரருக்கு 2025-26 பருவத்தில் 5.41 கோடியும் அடுத்ததில் 5.85 கோடியும் தர வேண்டியிருந்தது. யானிஸின் சம்பளமும் இந்த இரண்டு ஆண்டுகளிலும் அதே தொகைதான் என்பது கருவியைத் திறக்கும்போதெல்லாம் என்னை உறுத்திய ஒற்றுமை. எந்த அணியும் அதைத் தொடாது என்ற முடிவுக்கு வந்து, இனி எதுவும் நடக்காது, யானிஸ் பொறுமை இழந்துவிடுவார் என்று கையை விரித்துவிட்டேன். ஜூலை 1 அன்று, மில்வாக்கி லில்லார்டை அணியிலிருந்தே விடுவிக்கிறது என்ற செய்தி வந்தது. அவருக்குத் தர வேண்டிய சுமார் 11.26 கோடி டாலரை ஐந்து ஆண்டுகளுக்குப் பரப்பி, ஆண்டுக்குச் சுமார் 2.25 கோடியாக 2029-30 வரை கணக்கில் சுமக்க ஒப்புக்கொண்டது. இவ்வளவு பெரிய தொகையை இந்த முறையில் பரப்பிய அணி அதற்கு முன் இல்லை. அதனால் சம்பளக் கணக்கில் திறந்த இடத்தில், எங்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வீட்டுக்கு அனுப்பிய அதே இண்டியானாவிலிருந்து மைல்ஸ் டர்னரை நான்கு ஆண்டுகளுக்கு, பத்துக் கோடி டாலருக்கு மேல் கொடுத்து வரவழைத்தார்கள்.

இரண்டு மாதங்களாக நான் உருட்டிக்கொண்டிருந்த கருவியில் இதற்கு ஒரு பொத்தான்கூட இல்லை. நடந்தது ட்ரேடே இல்லை. கட்டத்துக்குள் இருக்கும் வழிகளை மட்டும் பார்த்துப் பழகியவனுக்குக் கட்டத்துக்கு வெளியே ஒரு கதவு இருப்பது கண்ணில் படவில்லை. நமக்காக ஆடாத வீரருக்கு ஐந்து ஆண்டுகள் பணம் சுமப்பது நல்ல முடிவா என்று கேட்டால், யானிஸ் இருக்கும்வரை நல்ல முடிவு, அவர் போய்விட்டால் கழுத்தில் கட்டிய கல் என்பேன். இண்டியானாவும் நம்மைப் போன்ற சிறிய ஊர்தான் என்பதும், பத்து ஆண்டுகள் ஆடிய வீரரை இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டத்தில் தோற்ற சில நாட்களிலேயே இழந்த அவர்களின் வலி நமக்குப் புரியாதது இல்லை என்பதும் அன்றைய மகிழ்ச்சியில் எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது.

இந்தக் கருவியை உருவாக்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு வீரரை விடுவித்துச் சம்பளத்தைப் பரப்பினால் ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு விழும் என்று காட்டும் வசதியை ட்ரேடுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். மீதமுள்ள ஆண்டுகளை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வரும் எண்ணால் தொகையை வகுப்பதுதான் வேலை, பெரிய கணக்கு இல்லை. கூடவே, நட்சத்திர வீரரின் பெயருக்கு அருகில் அவர் தன் விருப்பப்படி வெளியேறக்கூடிய ஆண்டையும் பெரிய எழுத்தில் போட்டால் நன்றாக இருக்கும். 2025 கோடையில் இருந்த ஒப்பந்தப்படி 2027-28 பருவத்துக்கான முடிவு யானிஸின் கையில் இருந்தது, அதாவது 2027 கோடையில் அவர் விரும்பினால் யாருடைய அனுமதியும் இல்லாமல் போகலாம் என்ற நிலை. எங்கள் கவலை முழுவதும் அந்த ஒரு தேதியை நோக்கித்தான் நகர்ந்தது. யாருக்குப் பதில் யார் என்ற ஆயிரம் சேர்க்கைகளில் அது எங்கும் தெரிவதில்லை.

யார் பயன்படுத்தலாம்? விதிகளைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். அணிகள் பணத்தை எப்படிக் கையாளுகின்றன என்று புரிந்துகொள்ள இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. அணியின் பொது மேலாளர் என்ன செய்யப்போகிறார் என்று முன்கூட்டி அறிய நினைக்கிறவர்களுக்கு இது உதவாது. ஐந்துக்கு மூன்றரை தருகிறேன், பரப்பும் பொத்தான் வந்தால் நான்காக உயர்த்துவேன். 2025-26 பருவம் தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது யானிஸ் மில்வாக்கியில்தான் இருந்தார். செயலியைக் கைபேசியிலிருந்து நீக்கவில்லை, அதன் அறிவிப்புகளை மட்டும் அணைத்து வைத்திருக்கிறேன்.