குழு விதிகள் வகுக்கும் பயிலரங்கு: ஒரு மதிப்பீடு

எங்கள் தொடக்கப்பள்ளித் தமிழாசிரியர்களுக்காக ஒரு தனியார் பயிற்சி நிறுவனம் நடத்திய அரைநாள் பயிலரங்கு, குழுவாகப் பணியாற்றுவதற்கான பொது விதிகளை உறுப்பினர்களே வகுத்துக்கொள்ள வேண்டும் என்பதை மையமாகக் கொண்டிருந்தது. 1965இல் அமெரிக்க உளவியலாளர் புரூஸ் டக்மன் விளக்கிய குழு வளர்ச்சிக் கட்டங்களில், கருத்து மோதலுக்குப் பின்னரே நெறிகள் உருவாகின்றன என்பதை அறிமுகவுரை சுருக்கமாக நினைவூட்டியது.

பயிலரங்கின் சிறப்பு, கூட்டங்களில் தமக்கு எரிச்சலூட்டியவற்றை ஒவ்வொருவரும் தம் பெயரைக் குறிப்பிடாமல் துண்டுத்தாளில் எழுதி ஒட்டிய பயிற்சியில்தான் இருந்தது. மூத்தவர்முன் வாய்திறக்கத் தயங்கும் இளம் ஆசிரியர்களின் குறைகளும் அதனால் பலகைக்கு வந்தன. ‘மரியாதையுடன் நடப்போம்’ என்ற பொத்தாம்பொதுவான வரியைப் பயிற்றுநர் ஏற்காமல், ‘ஒருவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடமாட்டோம்’ என்று, கண்ணால் பார்த்துச் சரிபார்க்கத்தக்க செயலாக மாற்ற வைத்தார். இரவு எட்டு மணிக்குமேல் வாட்ஸ்அப் குழுவில் பணிச்செய்தி அனுப்புவதில்லை என்ற விதிக்குத்தான் (எதிர்பார்த்தபடியே) ஏகோபித்த ஆதரவு கிடைத்தது.

விதியை மீறுபவரிடம், அதுவும் அவர் துறைத்தலைவராக இருந்தால், யார் எப்படிச் சொல்வது என்ற சிக்கலான பகுதிக்குக் கடைசிப் பத்து நிமிடமே ஒதுக்கப்பட்டது பெருங்குறை. எடுத்துக்காட்டுகளும் அலுவலகச் சூழலையே சார்ந்திருந்தன. இணைப்பாட நடவடிக்கை முடிந்து களைத்துவரும் ஆசிரியர்களின் கூட்டம் வேறுவகையானது. கட்டணம் நியாயமானதே. புதிதாக அமைந்த குழுக்களுக்குப் பரிந்துரைப்பேன். ஏற்கெனவே பிணக்குள்ள குழுவுக்கு இந்த அரைநாள் போதாது.