பொட்டை அழித்துவிட்டார்கள்: மகளுக்குச் செய்த முகக் குவில்ட் பற்றி

மகளின் முகத்தை வைத்துச் செய்யச் சொல்லி வாங்கிய குவில்ட் இது, அதாவது துணித் துண்டுகளைச் சேர்த்து, உள்ளே பஞ்சு விரிப்பு வைத்துத் தைக்கும் போர்வை. முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு நான்கு. மீதி ஒன்று எங்கே போனது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். எங்கள் வீட்டு கிராஜுவேஷன் பார்ட்டிக்கு வந்துவிட்டுப் போனவர்களில் நான்கு பேர் "அதை எங்கே செய்தீர்கள், எவ்வளவு ஆச்சு" என்று கேட்டு, நான்கு பேருக்கும் தனித்தனியாக வாய்ஸ் நோட் போட்டு எனக்குத் தொண்டையே கட்டிவிட்டது. இனி கேட்பவர்களுக்கு இதையே அனுப்பிவிடலாம்.

நாங்கள் இருப்பது ஹூஸ்டனுக்கு மேற்கே. பெரியவள் 2025 மே மாதம் ஹைஸ்கூல் முடித்தாள், படிக்கப் போனது மிச்சிகன். டெக்சஸ் வெயிலில் வளர்ந்த பிள்ளை அந்தப் பனியில் என்ன செய்யப் போகிறாளோ என்ற கவலையில்தான் போர்வை மாதிரி ஏதாவது கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. நகை வாங்கிக் கொடுத்தால் லாக்கரில் தூங்கும். காசு கொடுத்தால் ஒரு வாரத்தில் போய்விடும்.

முதலில் எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். ஆன்லைனில் போட்டோவை ஏற்றினால் ஃப்ளீஸ் போர்வையில் அச்சடித்து அனுப்புகிறார்களே, அதை அறுபது டாலருக்கு வாங்கினேன். பத்தே நாளில் வந்தது. பிரித்துப் பார்த்தால் பிள்ளையின் முகம் செங்கல் நிறத்தில் இருக்கிறது, மூக்குக்கும் கன்னத்துக்கும் நடுவே எல்லையே தெரியவில்லை, பாலியஸ்டர் வேறு, கையை வைத்தால் முடியெல்லாம் நிற்கிறது. இப்போது அது காரின் பின்சீட்டில் கிடக்கிறது, காய்கறிப் பை கவிழாமல் இருக்க அணைகொடுப்பதற்கு நன்றாக உதவுகிறது.

குவில்ட் என்று யோசிக்க வைத்தது அதற்கு முந்தைய இலையுதிர்காலத்தில் ஒரு தோழி ஜார்ஜ் ஆர் பிரவுன் மாநாட்டு அரங்கில் நடக்கும் குவில்ட் திருவிழாவுக்கு இழுத்துக்கொண்டு போனதுதான். வருஷா வருஷம் நடக்கிறது, இத்தனை வருஷம் இதே ஊரில் இருந்தும் நான் எட்டிப் பார்த்ததில்லை. பாட்டிகள் சதுரம் சதுரமாக வெட்டித் தைப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே ஒரு சுவர் முழுக்க மனித முகங்கள். சுருக்கம், கண்ணீர், நரைமுடி எல்லாமே துணி. கிட்டே போனால் வெறும் வெட்டுத்துணித் துண்டுகள்தான் தெரிகின்றன, பத்தடி பின்னால் வந்தால் ஒரு கிழவர் நம்மையே பார்க்கிறார். அங்கே விசாரித்ததில்தான் எனக்குக் குவில்ட் செய்து கொடுத்த அம்மாவின் நம்பர் கிடைத்தது.

அவருக்குக் கடை, வெப்சைட் எதுவும் கிடையாது. எழுபதை நெருங்கும் அமெரிக்கப் பெண்மணி, எங்கள் வீட்டிலிருந்து நாற்பது நிமிட டிரைவ். காரேஜில் கார் இல்லை, அந்த இடத்தில் பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஒரு சட்டம் போட்டு, அதில் துணியைச் சுருட்டி மாட்டி, தண்டவாளம் மாதிரி கம்பிகளின் மேல் ஓடும் லாங்ஆர்ம் என்ற தையல் மெஷின் வைத்திருக்கிறார். நம் ஊர் டெய்லர் துணியை நகர்த்தித் தைப்பார், இவர் மெஷினையே இரண்டு கையாலும் பிடித்துத் துணி மேல் ஓட்டுகிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், கையில் இருக்கும் ஆர்டரே போதுமாம். ஆகவே நம்பர் வேண்டுபவர்கள் என்னை நேரில் பார்க்கும்போது கேளுங்கள்.

போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சுவரில் மாட்டவா, போர்த்திக்கொள்ளவா?" நான் இரண்டும்தான் என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எனக்கு ஜூன் மாதம்தான் புரிந்தது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

செய்முறையைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் விலையைக் கேட்டால் மயக்கம் வரும், வேலையைத் தெரிந்துகொண்டால் தெளிந்துவிடும். போட்டோவைக் கம்ப்யூட்டரில் போட்டு, ஆயிரக்கணக்கான நிறங்களை ஐந்தாறு நிழல்களாகக் குறைத்துவிடுகிறார்கள், வரைபடத்தில் மலை உயரத்தைப் பட்டை பட்டையாகக் காட்டுவார்களே அந்த மாதிரி. அதை நிஜ அளவுக்குப் பெரிதாக அச்செடுத்து, ஒவ்வொரு பட்டையையும் ஒருபக்கம் பசை தடவிய மெல்லிய காகிதத்தில் இடவலம் மாற்றி வரைந்து, துணியின் பின்பக்கம் இஸ்திரி போட்டு ஒட்டி, வெட்டி, கருமையிலிருந்து வெளிச்சம் வரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். கண்ணில் மின்னும் வெள்ளைப் புள்ளி இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது, அதை இடுக்கியால் எடுத்து வைத்தார். அப்புறம் கீழே பஞ்சு விரிப்பும் அடித்துணியும் வைத்து மூன்றையும் சேர்த்துத் தையல். என் மகள் முகத்துக்கு மட்டும் நூற்று எண்பத்து சொச்சம் துண்டுகள் என்று கணக்குச் சொன்னார்.

எந்த போட்டோ என்பதில் ஒரு சண்டை. பள்ளியில் ஸ்டூடியோக்காரர்கள் எடுத்த கடைசி வருஷ சீனியர் போட்டோவைத்தான் நான் கொண்டுபோனேன், தொப்பியும் கவுனும் போட்டு முப்பத்திரண்டு பல்லும் தெரிய. இரண்டு காரணம் சொல்லி மறுத்துவிட்டார். ஒன்று, அந்தப் படத்தின் உரிமை எடுத்தவருக்கு, எழுத்தில் அனுமதி இல்லாமல் தொட மாட்டாராம். இரண்டாவது, ஸ்டூடியோ வெளிச்சத்தில் முகம் தட்டையாகிவிடும், நிழல் இல்லாவிட்டால் வெட்டுவதற்கு எல்லைகளே கிடைக்காது. பல்லை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தைத்தால் பதினெட்டு வயசுப் பெண் எண்பது வயசுக் கிழவி ஆகிவிடுவாள் என்பது உபரித் தகவல். கடைசியில் பேர்லேண்ட் மீனாட்சி கோயில் பிராகாரத்தில் சாயங்கால வெயிலில் என் ஃபோனில் எடுத்த ஒரு படம் தேறியது. வாய் மூடிய சிரிப்பு, ஒரு கன்னத்தில் வெயில், இன்னொரு கன்னம் நிழல்.

மூன்று வாரம் கழித்து மாதிரிப் படம் அனுப்பினார். திறந்து பார்த்ததும் எனக்கு வயிறு பிசைந்தது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் என் பிள்ளை இல்லை. முதலில் பொட்டைக் காணோம். கேட்டால், போட்டோவில் ஏதோ கறை என்று நினைத்து அழித்துவிட்டாராம்! மூக்குத்தியும் அதே கதி, அது வெளிச்சம் பட்ட தூசியாம். அதைவிட, நிறம். எங்கள் வீட்டில் எல்லாரும் மாநிறம், அவள் இன்னும் கொஞ்சம் கறுப்பு. மாதிரியில் நெற்றியும் கன்னமும் பிஸ்கட் கலர், நிழல் விழும் இடமெல்லாம் சாம்பல். நம் ஊர்க் கல்யாண ஆல்பக்காரர்கள் கேட்காமலேயே வெளுப்பாக்கிக் கொடுப்பார்களே, அதைக் கடல் தாண்டி வந்தும் பார்க்க வேண்டியதாகிவிட்டது.

நேரில் போய்ச் சொன்னேன். இங்கேதான் அந்த அம்மாவுக்கு நான் நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஒரு வார்த்தை சமாளிக்கவில்லை. காரேஜ் ஷட்டரை முழுசாகத் தூக்கி, ஸ்டூலை வாசல் வெளிச்சத்தில் போட்டு, என் கையை நீட்டச் சொல்லி, துணித் துண்டுகளை ஒவ்வொன்றாக முழங்கைக்குக் கீழே வைத்துப் பார்த்தார். வெல்லக் கலர், புளி கலர், வறுத்த காபிக்கொட்டை கலர், எனக்குத் தெரிந்த பெயர்களை நான் சொல்ல, அவர் தன் நிற அட்டையில் இருக்கும் நம்பரைக் குறித்துக்கொண்டார். இந்த மாதிரி வேலைக்கென்று ஒரே கம்பெனியின் டிசைன் இல்லாத வெறுந்துணியிலேயே முந்நூறுக்கும் மேற்பட்ட நிறங்கள் கிடைக்கின்றன, அவரிடம் பழுப்பில் இருந்தது மொத்தம் ஏழு. "இதுவரை எனக்கு இது போதுமாக இருந்தது, அது என் தப்புத்தான்" என்றார். நிழலுக்குச் சாம்பலை எடுத்துவிட்டு ஒரு கத்தரிக்காய் ஊதாவை வைத்தார், நான் பதறிப்போனேன், பத்தடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார் என்றார். உயிர் வந்துவிட்டது.

அன்றைக்குத்தான் பீசா பட்லர் என்ற கலைஞரின் வேலைகளை ஒரு புத்தகத்தில் காட்டினார். நியூஜெர்ஸிக்காரர், முன்பு ஹைஸ்கூலில் ஓவிய ஆசிரியையாக இருந்தவர், கறுப்பின மக்களின் பழைய போட்டோக்களை வைத்து ஆளுயரக் குவில்ட்கள் செய்கிறார், 2020இல் சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட் மியூசியத்தில் தனிக் கண்காட்சியே வைத்தார்கள். அதில் முகங்கள் நீலம், ஊதா, சிவப்பு என்று இருக்கின்றன, ஆனாலும் அந்த மனிதர்களின் கறுப்பு துளிகூடக் குறையவில்லை. எந்த நிறம் என்பதைவிட எவ்வளவு கருமை, எவ்வளவு வெளிச்சம் என்பதுதான் முகத்தைக் காட்டுகிறதாம். எனக்கும் அப்படி ஒன்று செய்ய ஆசைதான். ஆனால் மாமியார் வீடியோ காலில் பார்த்துவிட்டு "பிள்ளை முகம் ஏன் நீலம் பாரிச்சிருக்கு" என்று கேட்டால் யார் பதில் சொல்வது.

பின்னணிக்கு என் அம்மாவின் மதுரைச் சுங்குடிச் சேலை, அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளி. காஞ்சிபுரம் பட்டு ஒன்றும் கொண்டுபோயிருந்தேன், சூடான இஸ்திரிக்கும் வாஷிங் மெஷினுக்கும் அது தாங்காது என்று பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சுங்குடி பருத்தி என்பதால் பிரச்சினை இல்லை, ஆனால் சாயம் போகும். நான் வீட்டிலேயே நான்கு தடவை அலசினேன், மூன்றாவது வாளி வரை தண்ணீர் பீட்ரூட் சாறு மாதிரி வந்தது. சேலையை வெட்டும்போது எனக்கு என்னமோ செய்தது, அதைப் பார்த்துவிட்டு முந்தானையை மட்டும் வெட்டாமல் மடித்துக் கையில் கொடுத்தார். கையால் முடிச்சுப் போட்ட சுங்குடி என்பதால் புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை, கிட்டத்தில் பார்த்தால் ஒவ்வொன்றும் குட்டி வளையம். அவள் தலைமுடிக்குப் பின்னால் அது வந்த விதத்தைப் போட்டோவில் காட்ட முடியவில்லை.

ஹோம்கமிங் என்ற வருடாந்திரப் பள்ளி விழாவுக்கு டெக்சஸ் பிள்ளைகள் குத்திக்கொள்ளும் மம் ஒன்று வீட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. தெரியாதவர்களுக்கு: செயற்கைச் செவ்வந்திப் பூவில் முழங்கால் வரை ரிப்பன், மணி, பொம்மை எல்லாம் தொங்கவிட்டுப் பெண்கள் நெஞ்சில் குத்திக்கொண்டு பள்ளிக்குப் போவார்கள், நம் ஊர் அம்மனுக்குச் சாத்தும் மாலைக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை. அந்த ரிப்பனைச் சேர்க்கலாமா என்றேன். ஒரு துண்டை வெட்டி இஸ்திரிப்பெட்டியைக் காட்டினார், பால் ஆடை மாதிரி சுருங்கிப்போனது. பதில் கிடைத்துவிட்டது.

இனி குறைகள். ஏப்ரல் கடைசியில் தருவதாகச் சொன்னது கிராஜுவேஷனுக்கு நான்கு நாள் முன்னால்தான் வந்தது. பழைய பள்ளி டி-ஷர்ட்களை வெட்டித் தைக்கும் டி-ஷர்ட் குவில்ட் ஆர்டர்கள் எல்லாம் மே மாதத்தில்தான் குவியுமாம், ஜனவரியில் பணம் கட்டிய நான் ஏன் அந்த வரிசையில் நிற்க வேண்டும் என்பது என் கேள்வி. அப்புறம் பின்பக்கம் தைக்கும் பெயர்த்துணி. நம் ஆட்களுக்கு அப்பா பெயர்தானே கடைசிப் பெயர், எது யார் பெயர் என்று குழம்பி, என் வீட்டுக்காரர் பெயரைப் பெரிய எழுத்தில் எம்பிராய்டரி செய்து "2025 வகுப்புக்கு வாழ்த்துகள்" என்று போட்டுவிட்டார். மனுஷனுக்கு ஒரே சந்தோஷம், கோயம்புத்தூரில் பொறியியல் முடித்தபோது தனக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை, இப்போதாவது கிடைத்ததே என்று அதோடு ஒரு செல்ஃபி வேறு. மறுநாளே அந்த அம்மா மாற்றித் தைத்துக் கொடுத்தார், பழைய பெயர்த்துணியை என் வீட்டுக்காரர் வாங்கி வைத்துக்கொண்டார்.

பெரிய குறை அந்த முதல் கேள்வியில் இருக்கிறது. முகப் பகுதியில் துணி, பசை, துணி, பசை என்று நான்கைந்து அடுக்கு, அதற்கு மேல் நெருக்கமான தையல். அந்த இடம் மட்டும் அட்டை மாதிரி விறைப்பு. சுற்றிலும் மெத்தென்று இருக்கிறது, நடுவில் முகம் மடங்க மாட்டேன் என்கிறது. போர்த்திக்கொண்டு படுத்தால் நெஞ்சு மேல் காலண்டர் அட்டையை வைத்த மாதிரி இருக்கிறது என்று மகளே சொன்னாள். ஓரங்களை மடிக்காமல் அப்படியே தைப்பதால் இரண்டு தடவை துவைத்ததற்கே தலைமுடிப் பக்கம் லேசாகப் பிசிறு எழுந்திருக்கிறது, குளிர்ந்த தண்ணீரில், மெதுவான சுற்றில்தான் போட்டேன். இதை அவர் ஜனவரியிலேயே சிரிக்காமல் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். முகத்தை ஒரு மூலையில் சின்னதாக வைத்து மீதியைச் சாதாரணக் குவில்ட்டாகச் செய்யச் சொல்லியிருப்பேன். அந்த ஒரு நட்சத்திரம் இங்கேதான் போனது.

விலை 950 டாலர், 50க்கு 65 அங்குலம், பாதி முன்பணம். ஊரில் என் பாட்டி பழைய சேலைகளை அடுக்கி நூல் ஓட்டித் தைத்த விரிப்புக்கு ஆன செலவு நூற்கண்டு ஒன்று, ஆனால் அதில் யார் முகமும் இல்லை. நீங்கள் ஆர்டர் கொடுப்பதாக இருந்தால் அக்டோபரிலேயே பணம் கட்டுங்கள், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படம் கொடுங்கள், நிறத்தை உங்கள் கையில் வைத்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள், பொட்டு, மூக்குத்தி, மச்சம் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு எழுதிக் கொடுங்கள், பெயரை மூன்று தடவை எழுதிக் காட்டுங்கள்.

இப்போது அது மிச்சிகனில் அவள் ஹாஸ்டல் அறைச் சுவரில் இருக்கிறது. ஆணி அடிக்கக் கூடாதாம், பின்னால் தைத்த உறையில் குச்சி செருகி, ஒட்டுக் கொக்கியில் மாட்டியிருக்கிறாள். அழித்த பொட்டைக் கடைசியில் அந்த அம்மா மெரூன் நூலில் ஒரே ஒரு முடிச்சாகப் போட்டுக் கொடுத்திருந்தார், தடவினால் கடுகு மாதிரி விரலில் தட்டுப்படும். ரூம்மேட் தினமும் அதைத் தொட்டுவிட்டுத்தான் வெளியே போகிறாளாம், பரீட்சை அன்றைக்கு இரண்டு தடவை.